மனிதக் கணினி அல்ல, கணக்கீட்டாளர்

கணினி வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெண்களைச் சம்பளத்துக்கு வைத்து விண்மீன் கணக்குகளைப் போடவைத்த அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு வந்ததும் 'அங்கே பெண் கணினிகள் வேலை பார்த்தன' என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். சிலர் கொஞ்சம் யோசித்து 'மனிதக் கணினிகள்' என்று போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

லத்தீனில் 'கம்ப்யூட்டாரே' என்றால் கணக்கிடுதல். அதன் வழியில் வந்த 'கம்ப்யூட்டர்' ஆங்கிலத்தில் 1613-லேயே அச்சேறிவிட்டது. அப்போது அது கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. 1936-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் தன் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதியபோதும், தாளில் எழுதிக் கணக்கிடும் மனிதரைத்தான் மனத்தில் வைத்திருந்தார். 1940-களில் மின்னணு இயந்திரங்கள் வந்த பிறகே ஆளின் பெயர் இயந்திரத்துக்குப் போனது. அந்த இயந்திரத்துக்கு நாம் வைத்த கணிப்பொறி, கணினி இரண்டும் நல்ல சொற்கள். கணினி ஊன்றிவிட்டது, சரி.

என் சண்டை 'மனிதக் கணினி'யோடுதான். 1980-இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் மனத்திலேயே பெருக்கிக் காட்டிய சகுந்தலா தேவியை அப்படி அழைத்தார்கள். அது பொருத்தம்: இயந்திரம் வந்தபின், அதைப் போல வேகமாகக் கணக்கிடும் மனிதருக்குச் சூட்டிய புகழ்ப்பெயர் அது. ஹார்வர்டில் நடந்ததோ தலைகீழ். அங்கே ஒப்பிட இயந்திரமே கிடையாது. 'கம்ப்யூட்டர்' சம்பளத்துக்குச் செய்யும் ஒரு வேலையின் பெயர். அவர்களை மனிதக் கணினி என்றால், பெயர் இயந்திரத்திலிருந்து மனிதருக்கு வந்ததாக வரலாறே புரண்டுவிடுகிறது.

இலக்கணமும் இடிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே விகுதி ஆளுக்கும் கருவிக்கும் பொருந்தும். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு உண்டு. ஹார்வர்டில் அந்த வேலை பார்த்த ஹென்றியட்டா லெவிட், வானைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன் புள்ளிகளின் ஒளியை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அளந்தார். சில விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை அப்படித்தான் கண்டுபிடித்தார். வானில் தொலைவை அளக்க அது வழி திறந்தது. இப்பேர்ப்பட்டவர்களைப் பற்றி 'கணினிகள் அளந்தன' என்று எழுதக் கை எப்படி வருகிறது?

குழப்பமும் கொஞ்சநஞ்சமில்லை. 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் விண்வெளிக்குப் புறப்படுமுன், இயந்திரம் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். ஜான்சன் நாசாவுக்கு முன்னோடியான அமைப்பில் 'கம்ப்யூட்டராக' வேலைக்குச் சேர்ந்தவர். 'கணினியின் கணக்கைக் கணினி சரிபார்த்தது' என்றால் யாருக்கு என்ன புரியும்?

அப்புறம், எந்தச் சொல்? தனித்தமிழ் அன்பர்கள் 'கணியர்' என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் படிப்பவர் மனத்தில் சோதிடர் வந்து நிற்பார். 'கணிப்பாளர்' என்றால் வானிலை சொல்கிறவர். 'கணக்கர்' வரவு செலவு எழுதுகிறவர். கணக்கீடு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'கணக்கீட்டாளர்' விளக்கமே இல்லாமல் புரிகிறது. தட்டச்சர் வேறு, தட்டச்சுப்பொறி வேறு என்று பிரிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் கருவியையும் அதை இயக்கியவரையும் சேர்த்தே குறித்தது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எந்த ஆண்டைப் பற்றிய வாக்கியம் என்று பார்ப்பதே இல்லை. 1940-க்கு முன் என்றால் பெரும்பாலும் கணக்கீட்டாளர்தான். 1940-களுக்குத்தான் கவனம் தேவை. அமெரிக்காவில் எறிகணைப் பாதைகளைக் கையால் கணக்கிட்ட கணக்கீட்டாளர்களிலிருந்தே ஆறு பெண்களை எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு ஆவணங்களில் ஒரே பக்கத்தில் இரண்டு பொருளும் வரும். ஒவ்வொரு இடத்திலும் வினைமுற்று 'ஆர்' என்று முடிய வேண்டுமா 'அது' என்று முடிய வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தே எழுத வேண்டும்.