"எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, மேடம்"

போன வாரம் என்னிடம் ஆலோசனைக்கு ஒரு ஜோடி வந்தார்கள். ஆறு வருடக் காதல், அப்புறம் இரண்டு வருடத் திருமண வாழ்க்கை. வக்கீலை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். மனமொத்த விவாகரத்து என்றால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஓராண்டை எப்போது தொடங்குவது என்பதுதான் அவர்கள் யோசனை. என்ன பிரச்சினை என்றேன். "எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, மேடம்" என்றார் கணவர், ஏதோ நற்சான்றிதழ் நீட்டுவதுபோல. இந்த மாதத்தில் இதே வரியைக் கேட்பது மூன்றாவது முறை.

அரைமணி நேரம் கழித்துத்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள். "எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவங்க அம்மா வீடு. ஒரு ஞாயிறுகூட எனக்குன்னு இல்லை." கணவர் வாட்ச் பட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "ஒரு தடவைகூடச் சொல்லலையே?" "நீங்க கேட்கவே இல்லையே."

நூறு ஞாயிறுகள்! ஒரு நாள் கத்தியிருந்தால் முடிந்திருக்கும்.

சண்டை போடாத ஜோடிதான் நல்ல ஜோடி என்று யார் சொல்லிக்கொடுத்தது? பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் காதல் குறைந்துவிடும் என்று பயந்து, பிடிக்காததையெல்லாம் விழுங்குகிறார்கள். விழுங்கியது எங்கே போகும்? பேச்சு குறையும், தொடுவது குறையும், ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர்கள் ஆகிவிடுவார்கள். அமெரிக்காவில் தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுக்குள் வரும் பிணக்குகளில் சுமார் 69 சதவீதம் கடைசிவரை தீர்வதே இல்லை என்கிறார். நன்றாக வாழும் ஜோடிகளுக்கும் அப்படித்தான். அவர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியபடியே சேர்ந்து வாழ்கிறார்கள். நம் வள்ளுவரும் 133 அதிகாரங்களில் கடைசி மூன்றை ஊடலுக்கே கொடுத்திருக்கிறார். ஊடல் உப்பு மாதிரி, அளவோடு வேண்டும் என்பது அவர் கணக்கு. உப்பே போடாமல் இரண்டு வருடம் சமைத்துவிட்டு, சாப்பாடு ருசிக்கவில்லை என்று என்னிடம் வந்தால் எப்படி?

சரி, சண்டை போடுங்கள். ஆனால் அன்றைய விஷயத்துக்கு மட்டும் போடுங்கள். மாமியார், சீர், பழைய காதல் எல்லாவற்றையும் இழுக்காதீர்கள். உதட்டைச் சுழிப்பது, கேலியாகச் சிரிப்பது, மட்டம் தட்டுவது கூடவே கூடாது. இத்தனை வருடத்தில் நான் அதிகம் பயப்படுவது அந்த ஏளனத்துக்குத்தான். படபடப்பு ஏறினால் "இருபது நிமிஷத்தில் வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொன்னபடி திரும்பி வரவும் வேண்டும். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பதை இதில் சேர்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடி, மிரட்டல், போனைப் பிடுங்குவது, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது இவையெல்லாம் ஊடல் கணக்கில் வராது. அதற்கு 2005இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. பெண்கள் 181க்குக் கூப்பிடலாம். அங்கே "பேசிப் பாருங்கள்" என்று நான் சொல்லவே மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் விழுங்கிய ஒரே ஒரு விஷயத்தை, இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், டிவியை அணைத்துவிட்டுச் சொல்லிவிடுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.