டிஸ்மிஸ் ஆர்டரை முதலில் டைப் செய்யாதீர்கள்

ஜவுளிக் கடை முதலாளி ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு ஒரு ஃபைலோடு என்னிடம் வந்தார். ஸ்டாக்கில் எட்டுப் புடவை குறைகிறது, கேமராவில் ஊழியர் ஒருவர் எடுப்பது தெரிகிறது. "கையும் களவுமா பிடிச்சிருக்கோம் சார், அவன் கேஸ் போட்டு என்ன கிழிக்கப் போறான்?" என்றார். ஃபைலைப் புரட்டினேன். குற்றச்சாட்டு மெமோ 4ஆம் தேதி கொடுக்கப்பட்டிருக்கிறது. விளக்கம் சொல்ல 5 நாள் அவகாசம். டிஸ்மிஸ் ஆர்டரின் தேதி 6.

மெமோவின் கடைசி வரி அதைவிட மோசம்: "தாங்கள் திருடியது நிரூபணமாகிவிட்டதால், ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று விளக்கவும்." விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு வரி போதும். மெமோவில் எழுத வேண்டியது, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பொருளை, என்ன செய்ததாகப் புகார் என்பது மட்டும்தான்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 சொல்வது இது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி அனுப்பக் கூடாது, ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அதற்கான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால், விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் அந்த ஒழுங்கீனம் தெரிய வேண்டும். நம் முதலாளி "நோட்டீஸ் தேவையில்லை" என்பதோடு படிப்பதை நிறுத்திவிட்டார்.

சரி, விசாரணை நடத்துகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? ஊழியரை உட்காரவைத்து, "எடுத்தியா, இல்லையா?" என்று ஆரம்பிப்பதில். முதலில் பேச வேண்டியவர்கள் நிர்வாகத் தரப்புச் சாட்சிகள். அவர்களை ஊழியர் குறுக்குக் கேள்வி கேட்ட பிறகுதான் அவர் முறை வரும். 1963இல் மீங்லாஸ் டீ எஸ்டேட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அங்கே விசாரித்தவர்களே சம்பவத்துக்குச் சாட்சியாகவும் இருந்தார்கள். நம் கடையில் புகார் கொடுத்த மேனேஜரையே விசாரணை அதிகாரியாகப் போடும் யோசனையும் இருந்ததாம்!

விசாரணை முடியும்வரை ஆளை சஸ்பெண்ட் செய்து வைத்தால் பிழைப்பூதியம் கொடுங்கள்: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதன்பின் முழுச் சம்பளம். அதை நிறுத்திவிட்டு "விசாரணைக்கு வரவில்லை" என்று எழுதினால் எடுபடாது. பஸ்ஸுக்குக் காசில்லை என்பார், நீதிமன்றமும் கேட்கும். சொல்லாமல் கொள்ளாமல் எட்டு நாள் வராதவர் தானாகவே வேலையை விட்டவர் என்ற நிலையாணை (நிறுவனத்தின் பணி நிபந்தனைகள்) விதியை நம்பிப் பெயரை அடிப்பதும் அப்படித்தான். டி.கே. யாதவ் வழக்கில், 1993இல், அவருக்கும் வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

விசாரணை குறைபாடுள்ளது என்றானாலும் வழி அடைந்துவிடவில்லை. லேபர் கோர்ட்டிலேயே சாட்சி போட்டு நிரூபிக்கலாம். அந்த வாய்ப்பு வேண்டும் என்று முதல் எதிருரையிலேயே, அதாவது வழக்குக்கு முதலாளி தாக்கல் செய்யும் பதில் மனுவிலேயே, கேட்டுவிட வேண்டும். கேட்காத முதலாளிக்கு கோர்ட் நினைவூட்டாது. தோற்றால் மறுவேலையோடு, வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளமும் சேர்ந்துகொள்ளும். அது சட்டவிரோதப் பணிநீக்கத்தில் சாதாரண விதி என்று 2013இல் தீபாலி சுர்வாசே வழக்கில் சொல்லப்பட்டது. வழக்கு ஆறேழு வருஷம் இழுத்தால் எட்டுப் புடவை என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் முதலாளியிடம் அந்த ஆர்டரை வாபஸ் வாங்கி, சஸ்பெண்டில் வைத்து, புது மெமோ அனுப்பச் சொன்னேன். பதிவுத் தபால் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தது. முதலாளி கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த மெமோவை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஊழியர் வாங்க மறுத்ததற்கு ஆதாரமாகத் தபால்காரர் எழுதிய குறிப்பு அந்தக் கவரின் மேல்தான் இருந்தது. மறுபடி அனுப்பினோம்.