வண்டியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் விடச் சொல்லாதீர்கள்

ஆப்பிரிக்க சஃபாரிக்குக் குழு அழைத்துப் போகிறேன் என்று அறிவித்தால் வாட்ஸாப்பில் வரும் முதல் கேள்வி விசாவைப் பற்றியோ செலவைப் பற்றியோ இருக்காது. "சார், சிங்கத்தை எவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்?" என்பதுதான். பன்னிரண்டு வருடமாகக் கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் புகைப்படக் குழுக்களைக் கூட்டிப் போகிறேன். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு, "கை நீட்டினால் தொடலாம்" என்று பெருமையாகப் பதில் எழுதுவேன். இப்போது அப்படி எழுதுவதில்லை. காரணம் ஒரு சிவிங்கி.

சிவிங்கி என்றால் சீட்டா. நம் செய்திகளில் சீட்டாவையும் சிறுத்தை என்கிறார்கள், லெப்பர்டையும் சிறுத்தை என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விலங்குகள். லெப்பர்ட் இருட்டில் வேட்டையாடும், இரையை மரத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும். சிவிங்கிக்கு அந்த வசதி இல்லை. உடல் லேசானது, சண்டை போட்டு இரையைக் காக்க முடியாது. சிங்கமும் கழுதைப்புலியும் இரவில்தான் அதிகம் நடமாடும் என்பதால், பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. சுற்றுலா வண்டிகள் சுற்றுவதும் அதே பகலில்தான்.

அது ஓர் ஆகஸ்ட் மாதக் காலை. கரையான் புற்றின் மேல் ஒரு தாய்ச் சிவிங்கி நின்றிருந்தது, கீழே புல்லுக்குள் மூன்று குட்டிகள். நாங்கள் போனபோது அங்கே ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. ரேடியோவில் தகவல் பரவி, இருபது நிமிடத்தில் பதினேழு வண்டிகள் ஆகிவிட்டன. தாய் பார்த்துக்கொண்டிருந்தது இருநூறு மீட்டர் தள்ளி மேய்ந்த தாம்சன் மான்களை. அது புற்றிலிருந்து இறங்கிப் பதுங்கத் தொடங்கியதும் எல்லா வண்டிகளும் கூடவே நகர்ந்தன. ஒரு வேன் முன்னால் போய் மான்களுக்கும் அதற்கும் நடுவில் நின்றது. மான்கள் ஓடிவிட்டன. அரை மணி நேரம் கழித்து இன்னொரு பக்கம் முயன்றது, அங்கும் இதேதான் நடந்தது. வெயில் ஏறிய பிறகு ஒரு புதர் நிழலில் படுத்துக்கொண்டது. குட்டிகள் அதன் வயிற்றை முட்டிக்கொண்டே இருந்தன.

முன்னால் போனது எங்கள் வண்டி இல்லை. ஆனால் எங்கள் வண்டியும் அந்தப் பதினேழில் ஒன்று. பின்சீட்டில் இருந்த நண்பர் ஓட்டுநரிடம் "கொஞ்சம், கொஞ்சம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பணம் கட்டி வந்தவராயிற்றே என்று நானும் பேசாமல் இருந்தேன். குட்டிகள் உள்ள தாய் ஏறக்குறைய தினமும் வேட்டையாடியாக வேண்டும் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

ஒரு காலை வேட்டை போனால் என்ன, மாலையில் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். மாராவின் சிவிங்கிகளை ஆராய்ந்த ஃபெம்கே புரூக்ஹைஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் சராசரியாக 2.3. வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் 0.2. அதாவது ஐந்து முறை ஈன்றால் ஒரு குட்டி பிழைக்கிறது. வண்டிச் சக்கரத்தில் மாட்டிக் குட்டிகள் சாகின்றன என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. வேட்டை கெடுவது, தாயும் குட்டியும் பிரிந்துபோவது போன்றவைதான் காரணமாக இருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு. யாருக்கும் தெரியாமல் நடக்கும் சாவு இது. நம் கேமராவில் அழகான படம் இருக்கும், அந்தப் படத்தில் உள்ள குட்டி இருக்காது.

இதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் இடைவெளி வேண்டும், தடத்தை விட்டு இறங்கக்கூடாது. ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். பிறகு ஏன் மீறுகிறார்கள்? அவர்கள் வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. பக்கத்தில் கொண்டுபோனவருக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைக்கிறது, தள்ளி நிறுத்தியவர் மேல் விடுதியில் புகார் போகிறது. ஸ்டீயரிங் அவர் கையில் இருந்தாலும் தூரத்தை முடிவு செய்வது பின்சீட்டில் இருப்பவர்தான். ஓட்டுநரைத் திட்டி எழுதும் பதிவுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காட்டை நம்மைவிட நூறு மடங்கு அறிந்தவர் அவர்.

சரி, தள்ளி நின்றால் படம் கெட்டுவிடுமா? என் அனுபவத்தில் நன்றாகத்தான் வருகிறது. லேண்ட் குரூசரின் திறந்த கூரையிலிருந்து பத்து மீட்டரில் படுத்திருக்கும் சிங்கத்தை எடுத்தால், மாடியிலிருந்து தெருநாயை எடுத்த மாதிரிதான் இருக்கும். முதுகும் தலையும் தெரியும், பார்வை தெரியாது. அதே சிங்கத்தை நாற்பது, ஐம்பது மீட்டரில் ஜன்னல் வழியாக எடுத்துப் பாருங்கள். கோணம் தாழ்ந்து, அதன் கண்மட்டத்தை ஒட்டி வரும், பின்னணியும் மங்கிப் பட்டுப்போல் ஆகும். 100-400 மி.மீ. ஜூம் லென்ஸே இதற்குப் போதும். ஜன்னல் விளிம்பில் லென்ஸுக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோய், அங்கே அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும், அப்போது தூரத்துப் படம் துலங்காது. அதற்கும் பக்கத்தில் போவது தீர்வல்ல. ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

யானை விஷயத்தில் தமிழர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. நம்மூர் யானையைப் பார்த்து வளர்ந்த கண்ணோடு, கென்யாவில் யானைகளுக்குப் பேர்போன ஆம்போசெலி பூங்காவுக்குப் போகிறோம். தந்தம் இருப்பதால் கொம்பன் என்று நினைக்கிறோம். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் பிடித்திருக்கிறது என்கிறோம். அங்கே பெண் யானைக்கும் குட்டிக்கும்கூட, பதற்றமானால் அந்த நீர் வழியும். ஆகவே அந்த ஈரத்தைப் பார்த்தால் 'நம்மால் அதற்குத் தொந்தரவோ' என்றுதான் முதலில் எண்ண வேண்டும். காதை விரித்துத் தலையை உதறுகிறது, மேய்வதை நிறுத்திவிட்டு நம் பக்கமே பார்க்கிறது என்றால் படம் போதும், கிளம்பிவிடலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி போகவே கூடாது.

மாரா ஆற்றை வில்டபீஸ்ட் எனும் பெரிய மான் இனத்தின் கூட்டம் கடப்பதைப் பார்க்கத்தான் ஜூலை முதல் அக்டோபர் வரை உலகமே அங்கே திரள்கிறது. கரைக்கு வந்த கூட்டம் தயங்கும், திரும்பும், மறுபடி வரும். அந்தத் தயக்க நேரத்தில் நாம் இறங்குதுறையை அடைத்து நின்றால், அவை செங்குத்தான இடத்தில் பாயும். கால் முறிவதும் கன்று பிரிவதும் அங்கேதான். நல்ல ஓட்டுநர் வண்டியை முந்நூறு மீட்டர் உள்ளே மரத்தடியில் நிறுத்திவிட்டு, முதல் ஐம்பது விலங்குகள் நீரில் இறங்கிய பிறகுதான் கரைக்குக் கொண்டுபோவார். ஒருமுறை மூன்று மணி நேரம் காத்திருந்து, கூட்டம் கடக்காமலே திரும்பிப் போனது. எங்கள் குழுவில் ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் வண்டியை நகர்த்தச் சொல்லவில்லை.

காண்டாமிருகத்தைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் முன் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், இடத்தின் பெயரையும் எழுதாதீர்கள். கொம்புக்காகக் கொல்பவர்களும் இணையத்தில் படம் பார்க்கிறார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், சூடான், 2018 மார்ச்சில் இறந்துபோனது. மிச்சமிருக்கும் தாயும் மகளும் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் ஆயுதக் காவலில் வாழ்கின்றன.

பயணம் பதிவு செய்யும்போது எத்தனை விலங்கு காட்டுவீர்கள் என்று கேட்காமல், ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆள் கூடினால் எல்லோருக்கும் ஜன்னல் கிடைக்காது, ஜன்னல் இல்லாதவர்தான் "இன்னும் பக்கத்தில்" என்பார். முடிந்தால் இரண்டு நாளாவது மாராவை ஒட்டியுள்ள கன்சர்வன்சி எனப்படும் தனிக் காப்பு நிலங்களில் தங்குங்கள். மாசாய் இனக் குடும்பங்களின் நிலம் அது, குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. அங்கே வண்டிகளும் மிகக் குறைவு.

இப்போது முதல் நாள் காலை, வண்டி கிளம்பும் முன், குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுகிறேன்: எங்களுக்குப் பக்கம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். டிப்ஸ் எவ்வளவு என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன், எந்த விலங்கைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது மாறாது. சென்ற முறை வந்த ஓட்டுநர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், "போலே போலே" என்றார். ஸ்வாஹிலி மொழியில் மெதுவாக, நிதானமாக என்று பொருள். அன்று நான்கு குட்டிகளோடு இருந்த வேறொரு தாய்ச் சிவிங்கியிடமிருந்து எண்பது மீட்டர் தள்ளி இரண்டரை மணி நேரம் நின்றோம். வேட்டை எங்களிடமிருந்து விலகி, எதிர்த்திசையில் நடந்தது. படத்தில் அது மிகச் சிறியதாகத்தான் வந்திருக்கிறது, சுற்றிலும் வெறும் புல். கால் மணி நேரத்தில் கழுதைப்புலி வந்து இரையைப் பறித்துக்கொண்டது. அதற்குள் குட்டிகள் நான்கும் முகமெல்லாம் ரத்தமாகத் தின்று முடித்திருந்தன.