டிஸ்டார்ஷன்: விலகல் அன்று, திரிபு

ஒலிபெருக்கி, ஹெட்ஃபோன், டிஜிட்டல் ஒலிமாற்றி ஆகியவற்றின் தரத்தைக் கடைக்காரர் சொல்லைக் கொண்டு முடிவு செய்யாமல், ஒலிப்பதிவுக்கான ஆடியோ இன்டர்ஃபேஸைக் கணினியில் இணைத்து வீட்டிலேயே அளந்து பார்ப்பவர்கள் சிங்கப்பூர்த் தமிழர்களிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழில் எழுதும் குறிப்புகளிலும், காணொளிகளின் அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும், பெட்டிக்குள் மடித்து வைத்த விளக்கத் தாள்களிலும் 'மொத்த ஹார்மோனிக் விலகல்' என்ற தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. ஒரு கருவி தன் வழியே செல்லும் ஒலியலையின் வடிவத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று சொல்லும் 'டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்' என்ற அளவின் மொழிபெயர்ப்பு இது. 'மொத்த இணக்கமான விலகல்' என்று அதற்கும் ஒருபடி மேலே போனவரும் உண்டு. கூட்டணியிலிருந்து ஒரு கட்சி மனக்கசப்பின்றி வெளியேறியதைப் போல் ஒலிக்கும் இத்தொடரைப் படிப்பவர், இது ஒரு கருவியின் குறைபாட்டைச் சொல்கிறது என்று ஒருபோதும் ஊகிக்க முடியாது.

டிஸ்டார்ஷன் என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'டார்க்குவேரே', அதாவது முறுக்குதல். முறுக்குவிசையைக் குறிக்கும் 'டார்க்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. தமிழில் இதே பொருளுக்குத் 'திரி' என்ற வேர் இருக்கிறது. கயிறு திரிக்கிறோம்; முறுக்கிய பஞ்சு விளக்குத் திரியாகிறது; கெட்ட பால் திரிந்து போகிறது. மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடம் ஆவதை நன்னூல் திரிதல் என்கிறது. முறுக்கலில் தொடங்கி, இயல்பான வடிவம் மாறிப்போவது என்ற பொருளுக்கு இரு மொழிகளும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கும்போது, திரிபு என்ற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டிய தேவையே இல்லை.

விலகல் ஏன் ஆகாது என்பதற்கு, அளவீடு நடக்கும் முறையைப் பார்த்தாலே போதும். இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே முதலில் இணைக்கிறோம். கருவி எதுவும் நடுவில் இல்லாதபோது இன்டர்ஃபேஸ் தானே எவ்வளவு திரிக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு அளக்க வேண்டிய கருவியை இடையில் வைத்து, 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தூய சைன் அலையை அனுப்புகிறோம். ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருளின் திரையில் 1,000 ஹெர்ட்ஸில் ஓர் உயர்ந்த கோடு நிற்கும். அனுப்பாத 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் என்ற அதன் மடங்குகளிலும் (இவைதாம் ஹார்மோனிக்குகள்) குட்டையான கோடுகள் முளைத்திருக்கும். அந்தக் குட்டைக் கோடுகள்தாம் திரிபின் அடையாளம். அடிப்படை அலை 1 வோல்ட்டும் இரண்டாவது கோடு 1 மில்லிவோல்ட்டுமாக இருந்தால் அந்தக் கோட்டின் அளவு 0.1 விழுக்காடு, டெசிபெல் கணக்கில் கழித்தல் 60. 0.01 விழுக்காடு என்றால் கழித்தல் 80.

இங்கே எது எதிலிருந்து விலகியது? 1,000 ஹெர்ட்ஸ் கோடு தன் இடத்திலேயே நிற்கிறது. அலையின் வடிவம் முறுக்கிக்கொண்டதால் புதிய அதிர்வெண்கள் சேர்ந்திருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தால் அது தோன்றல் அல்லவா, திரிதல் எப்படி ஆகும் என்று நன்னூலை வைத்தே என்னிடம் வாதிடக்கூடிய நண்பர்கள் உண்டு. அலையை நேரப்போக்கில் வரைந்தால் தெரிகிற திரிபும், அதிர்வெண் வரிசையில் வரைந்தால் தெரிகிற தோன்றலும் ஒரே நிகழ்வின் இரு படங்கள் என்பதே அவர்களுக்கு என் விடை.

விலகல் என்று உண்மையாகவே சொல்லத்தக்க ஒன்று அதே அளவீட்டுத் தாளில் வேறொரு வரியில் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு கருவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் வெளியிடுகிறதா என்று பார்க்கும்போது, வரைகோடு நேர்கோட்டிலிருந்து அரை டெசிபெல் ஏறியோ இறங்கியோ இருந்தால் அது விலகல்தான். அங்கே புதிய அதிர்வெண் எதுவும் பிறப்பதில்லை. பெரும்பாலும் அதை ஈக்வலைசரைக் கொண்டு சரிசெய்துவிடலாம். திரிபை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது. சரிசெய்யத்தக்கதையும் சரிசெய்ய இயலாததையும் ஒரே சொல்லால் அழைத்தால், தாளைப் படித்துப் பணம் செலவழிக்கப் போகிறவர் எதை நம்பி முடிவெடுப்பார்?

இவ்வளவும் போதாதென்று, அறிவியல் தமிழில் விலகலுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. ஒளிவிலகல் என்பது ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது ஒளி திசை மாறுவது. ஒலியும் அவ்வாறே திசை மாறும். ஆகவே 'ஒலி விலகல்' என்று எழுதினால் இயற்பியல் தெரிந்த வாசகர் நினைப்பது முற்றிலும் வேறு. 2020ஆம் ஆண்டில் தமிழக ஊடகங்கள் 'சமூக விலகல்' என்று தொடங்கி, அது ஒதுக்கிவைப்பது போல் தொனிக்கிறது என்ற எதிர்ப்புக்குப் பிறகு 'சமூக இடைவெளி'க்கு மாறியதையும், இங்கே நாம் 'பாதுகாப்பான இடைவெளி' என்று பழகியதையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அகப்பட்ட இடத்திலெல்லாம் இந்தச் சொல்லைப் போடுவது கணினி மொழிபெயர்ப்பின் பழக்கம் என்றால், அதைச் சரிபார்க்க ஊதியம் பெறும் மனிதர் அப்படியே விட்டுவிடுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில், பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படித்த பிள்ளை தமிழில் ஓர் அறிவியல் சொல்லைச் சந்திக்கும் முதல் இடம் இத்தகைய துண்டுத்தாளாகவே இருக்கலாம்.

திரிபுக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. தமிழகப் பாடநூல்களில் தகைவு, திரிபு என்ற இணையில், ஒரு பொருள் விசையால் நீள்வதையோ சுருங்குவதையோ திரிபு குறிக்கிறது. கொரோனாக் காலத்தில் 'டெல்டா திரிபு' என்றும் எழுதினார்கள். அப்படியிருக்க, விலகலுக்குச் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்தாதா? முழுமையாகப் பொருந்தாது. கம்பி நீள்வதும் கிருமி மாறுவதும் அலை கோணுவதும் இயல்பான வடிவம் மாறுவது என்ற ஒரே கருத்துக்குள் அடங்குகின்றன; விலகலில் அந்தக் கருத்தே இல்லை. ஐயம் வரும் இடத்தில் 'அலைத்திரிபு' என்று எழுதிவிட்டால் கம்பிக்கும் கிருமிக்கும் அங்கே இடமில்லை. 'சிதைவு' என்று எழுதுவோரும் உண்டு. அது கதிரியக்கத்துக்குப் போய்விட்டது, தவிரவும், 0.001 விழுக்காட்டைச் சிதைவு என்பது மிகை. 'உருக்குலைவு' கேட்க அழகானது, ஆனால் ஸ்பீக்கரே உடைந்துவிட்டதோ என்று அஞ்ச வைக்கிறது.

ஹார்மோனிக் என்பதற்கு 'இணக்கம்' பொருந்தாது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தனிச்சீரிசை இயக்கம் என்று பாடநூல்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. ஆகவே ஹார்மோனிக்கைச் சீரிசை எனலாம், முழுத்தொடர் 'மொத்தச் சீரிசைத் திரிபு'. இரைச்சலையும் சேர்த்து அளந்தால் 'மொத்தச் சீரிசைத் திரிபும் இரைச்சலும்'. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், தரையிணைப்பு சரியில்லாத இணைப்பில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் கோடுகள் எழும். அவையும் சீரிசைகளே, ஆனால் மின்சாரத்தின் சீரிசைகள். சோதனை அலையை நிறுத்திய பின்னும் அவை திரையில் அப்படியே இருக்கும் என்பதால் அவற்றைத் திரிபுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கிளிப்பிங் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டும்போது அலையின் தலை வெட்டுண்டு தட்டையாவதால் 'முகடு வெட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகட்டோடு அலையின் பள்ளமான அகடும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. 'முகடகடு வெட்டு' என்றெல்லாம் வாய் நோகச் செய்வதைவிட, கிளிப்பிங் என்றே எழுதிவிட்டு அதனால் விளையும் திரிபைத் திரிபு என்று சொல்வது மேல்.