கேள்வி வந்து சேர்வதற்குள் முடிவு எடுத்துவிடுகிறார்கள்

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கூட்டத் தலைவர் கேட்கிறார். ஐந்தாறு விநாடி பார்க்கிறார். யாரும் பேசவில்லை, சரி, தீர்மானம் நிறைவேறியது என்கிறார். இணையம் வழியே தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கேள்வியே இன்னும் வந்து சேரவில்லை. அவர் பார்ப்பது எச்எல்எஸ் (HLS) என்ற முறையிலான இணைய ஒளிபரப்பு. காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடவிடும். வழக்கமான அமைப்பில் 20, 30 விநாடி பிந்துவது சாதாரணம்.

தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு ஒலி, ஒளி ஏற்பாடு செய்வது என் வேலை. தொலைவிலிருந்து கலந்துகொள்ள மென்பொருள் தேர்வு என்றாலே படம் எவ்வளவு தெளிவு, எத்தனை பேர் பார்க்கலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது தாமதத்தை. இயல்பாகப் பேசிக்கொள்ள ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பிரவுசரிலேயே நேரடியாகப் பேச வழிசெய்யும் வெப்ஆர்டிசி (WebRTC) நுட்பத்தில் இயங்கும் ஜிட்சி, பிக்புளூபட்டன் போன்ற கூட்ட மென்பொருள்கள் நல்ல இணைப்பில் இதற்குள் நிற்கும், பிரவுசரே போதும். பெருங்கூட்டம் வெறுமனே பார்க்க எச்எல்எஸ் தாராளமாகப் போதும். ஆனால் பேசவும் வாக்களிக்கவும் உரிமை உள்ளவரை தயவுசெய்து அதில் உட்கார வைக்காதீர்கள்.

அப்புறம் ஒலி. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த, இணையத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் (IETF) அமைப்பின் கூட்டத்தை இணையம் வழியே 20 இடங்களுக்கு அனுப்பினார்கள்; போனது ஒலி மட்டும்தான். இன்றும் படம் உறைந்தால் கூட்டம் நடக்கும், குரல் விட்டுவிட்டு வந்தால் நடக்காது. இணைப்பு மோசமாகும்போது மென்பொருள் படத்தைக் குறைத்து ஒலியைக் காப்பாற்றுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

திரைப் பகிர்வில் நிரல் வரிகள் மங்கினால், அசைவைவிட எழுத்துத் தெளிவுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்லைடுகளை முன்னதாகவே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

நேரடி ஒலியும் ஒளியும் வழக்கமாகப் போவது யூடிபி (UDP) என்ற அனுப்பும் முறையில்; பல அலுவலக ஃபயர்வால்கள் அதை அடைத்துவிடும். அப்போது இடையில் நின்று தரவைக் கடத்தும் டர்ன் (TURN) சர்வர் வழியாக, சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட்டில், டிசிபி (TCP) என்ற இன்னொரு முறைக்கு மாற வழி வேண்டும். இதை உங்கள் அறையிலிருந்து சோதித்தால் தெரியாது. கலந்துகொள்பவரின் அலுவலகத்திலிருந்தே ஒத்திகை பாருங்கள். அவர் கை உயர்த்தியது தலைவர் கண்ணில் படுகிறதா, அவர் குரல் எதிரொலி இல்லாமல் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கிறதா என்பதையும் அதே ஒத்திகையில் பார்த்துவிடுங்கள்.