பன்னிரண்டாவது ஆள்

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், நீல மை, மொத்தம் பத்து வரி. “எங்களுக்கு முன் நான்கு நாட்களாக அந்தச் சரிவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையில் பதினோரு பேர் கடந்துவிட்டோம். பன்னிரண்டாவது ஆள் கால் வைத்தான், மலை இறங்கிவிட்டது. பதினோரு பேரைத் தாங்கிய பனி அவனை மட்டும் ஏன் தாங்கவில்லை? எடைதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள் சார். எங்களிலேயே ஒல்லி அவன்தான்.”

எனக்கு வழக்கமாக வரும் கேள்விகள் கிரகணத்தன்று சாப்பிடலாமா, பனைமரத்தில் ஏன் இடி விழுகிறது என்கிற ரகம். அவற்றுக்கு அரை மணி நேரத்தில் பதில் எழுதிவிடலாம். இதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமைப் பனி மூடி, மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் ஒன்பது பேரையும் அவர்களோடு இருந்த ராணுவ மருத்துவ உதவியாளர் ஒருவரையும் பலிகொண்டது. நால்வர் தமிழர்கள். அந்த நால்வரில் ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர்.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. இமயத்தில் ஆளுயரத்துக்குக் கிடப்பதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அங்கே கிடப்பதோ ஒரே பொருள்கூட அல்ல. டிசம்பரில் விழுந்தது அடியில், ஜனவரிக் காற்று அடித்து இறுக்கியது அதன்மேல், நேற்று விழுந்தது உச்சியில் என அடுக்கடுக்காக இருக்கும். ஆளை அமுக்குவது மேலே இருக்கும் அடுக்கு. ஆனால் சதி நடப்பது அடியில். அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை, கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

பனிக்கு அடியில் இருக்கும் தரை குளிர்காலம் முழுக்கக் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே இருக்கும். கோடையில் வாங்கி வைத்த வெப்பம் மிச்சமிருக்கிறது, மேலே பனியே கம்பளியாக மூடியிருக்கிறது. மேற்பரப்போ இரவில் திறந்த வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். கற்பூரம் போலவே பனியும் நீராகாமல் நேரடியாக ஆவியாகும் என்பது பள்ளிப் பாடம். வெதுவெதுப்பான அடிப்பகுதியில் ஆவி அதிகம், மேலே குறைவு, ஆகவே ஆவி மேலே நகர்கிறது. இட்லிக் கொப்பரை மூடியின் உட்புறத்தில் நீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். ஆனால் உறைநிலையில், வாரக்கணக்கில் நடக்கிறது.

கொப்பரையில் ஆவி ஒரே தாவலில் மூடிக்குப் போய்விடும். பனிக்குள் வழியெல்லாம் பனித்துகள்கள், மணிமணியாக. ஒரு மணியின் தலையிலிருந்து கிளம்பும் ஆவி, அதற்கு மேலே இருக்கும் மணியின் அடிவயிற்றில் போய்ப் படிகிறது. அந்த மணியின் தலையிலிருந்து மறுபடி கிளம்பி அடுத்ததன் அடியில் படிகிறது. தீப்பிடித்த கூரைக்கு வரிசையாக நின்று குடம் கைமாற்றுவதுபோல. இப்படி அவசரத்தில் வளரும் மணி உருண்டையாக இருப்பதில்லை. பட்டை தீட்டியதுபோல் முகங்களும் முனைகளுமாக வளர்கிறது. முற்றிய மணியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கவிழ்த்து வைத்த குட்டிக் கிண்ணம், உட்புறத்தில் படிக்கட்டு வரிகள். அப்படியொரு அழகு. ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளத் தெரியாத அழகு. கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழிந்துவிடும். மலையில் வேலை செய்கிறவர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்றே சொல்கிறார்கள்.

எப்போதும் சர்க்கரையாவதில்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாற வேண்டும். மூன்று மீட்டர் பனி, அடியில் 0, மேலே மைனஸ் 15 என்றால் மீட்டருக்கு 5 டிகிரிதான். அங்கே மணிகள் நேர்மாறாக உருண்டு, ஒட்டி, கழுத்துப் பிடித்துக் கெட்டியாகும். அதே குளிரில் அரை மீட்டர் பனிதான் கிடக்கிறது என்றால் மீட்டருக்கு 30 டிகிரி. சர்க்கரை விளைந்து தள்ளிவிடும். ஆக, பனி குறைவாகக் கிடக்கும் இடமே வலுவற்ற இடம். பனி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைக்கும் சமவெளிப் புத்திக்கு இது ஏறாது. எனக்கும் முதல் முறை ஏறவில்லை.

இதையெல்லாம் காகிதத்தில் எழுதி அனுப்புவதைவிடக் காட்டிவிடலாம் என்று அவரை சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பழைய பலகை ஒன்றில் உப்புத்தாள் ஒட்டி, அதன்மேல் சர்க்கரை தூவி, அதற்கும் மேலே மைதாவைச் சலித்துக் கரண்டியின் முதுகால் இலேசாகத் தட்டி வைத்திருந்தேன். ஒரு முனையை மெல்லத் தூக்கினேன். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் நடப்பவை. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வுக்குப் பக்கத்தில் வருவதுதான், பயமுறுத்தும் செங்குத்து ஒன்றும் இல்லை. பலகை அந்தச் சாய்வை நெருங்கியபோது மைதாவின் மேற்பக்கம் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, கத்தி வைத்ததுபோல. கோட்டுக்குக் கீழே இருந்தது உதிரவில்லை. அடையாக அப்படியே நழுவி மேசைக்கு வந்தது. மைதா வீணானதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

“இப்படித்தான் சார்,” என்றார் அவர். “தூளாக வரவில்லை. பலகையாக வந்தது.”

பலகையில் காட்ட முடியாத ஒன்று உண்டு. ஆள் மிதிக்கும்போது அடியில் இருக்கும் சர்க்கரை அடுக்கு சில மில்லிமீட்டர் நொறுங்கி அமுங்குகிறது. மேலே இருக்கும் இறுகிய பனி அந்தப் பள்ளத்துக்குள் வளைகிறது. அந்த வளைவு பக்கத்துச் சர்க்கரையை நொறுக்குகிறது, அங்கேயும் வளைகிறது, அதற்கடுத்ததையும் நொறுக்குகிறது. ஆள் வைத்தது ஓர் அடிதான், விரிசல் வினாடிக்குப் பல பத்து மீட்டர் ஓடிவிடும். சமதரையில் நின்றால்கூட இது நடக்கும். அப்போது ஒரு சத்தம் வரும். தொம்மென்று. காதைவிட வயிற்றுக்கு முதலில் கேட்கும் சத்தம் அது என்றார் அவர்.

பதினோரு பேர் விஷயத்துக்கு வந்தேன். கனமான பனிமேல் நடப்பவரின் எடை, கீழே போகப்போக அகலமாகப் பரவிக் கரைந்துவிடும். ஒரு மீட்டருக்குக் கீழே பெரிதாக எதுவும் எட்டாது. எனவே அந்தப் பதினோரு பேரின் காலடி சர்க்கரை வரைக்கும் போகவே இல்லை. பன்னிரண்டாவது ஆள் மெல்லிய இடத்தில் மிதித்திருக்க வேண்டும். மெல்லிய இடம் எங்கே இருக்கும்? பாறை தலைநீட்டும் இடத்தைச் சுற்றி. அங்கே பனி மெலிது என்பதால் கால் எட்டிவிடும், மெலிது என்பதாலேயே சர்க்கரையும் அங்கேதான் நன்றாக விளைந்திருக்கும். இரண்டு கேடும் ஒரே இடத்தில். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது, கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் சரியில்லை.

“பாறை ஓரமாக வா, அங்கே பிடிமானம் இருக்கும் என்று நான்தான் சார் கூப்பிட்டேன்.”

அறிவியல் எழுதுகிறவனுக்கு இதற்கெல்லாம் பயிற்சி கிடையாது. சற்று நேரம் மைதாவை வழித்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார். அவனைத் தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. பனியில் முழுதாகப் புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அரை மணி தாண்டினால் அது சரசரவென்று இறங்கிவிடும். பெரும்பாலானவர்கள் மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். அதனால்தான் புதைந்த இடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவி, மடக்குக் குத்துக்கோல், மண்வெட்டி மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது பனிமலை வழிகாட்டிகளின் முதல் விதி. உதவி வெளியிலிருந்து வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஊருக்கு வந்தும் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. ஆரணியில் மைத்துனருக்கு அரிசி மண்டி. லாரியிலிருந்து மூட்டையை இறக்கிப் போடும்போது தொம்மென்று விழும். முதல் முறை கேட்டபோது மண்டி வாசலில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாராம். அன்றிலிருந்து மண்டிப் பக்கம் போவதில்லை. பிறகு அந்தத் தெரு, பிறகு ஆரணி பஸ், கடைசியில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். வீட்டில் காற்று கருப்பு என்று முடிவு கட்டி ஒருவரிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துத் தாயத்து கட்டினார்கள். வள்ளிமலைக்குப் போய்க் கும்பிட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. மனுஷனுக்கு ஒரு தூண் வேண்டியிருக்கிறது. ஐயாயிரம் வாங்கியவர் மேல்தான் கோபம்.

புதைந்து கிடக்கும் நினைவு, அடியில் வலுவற்ற அடுக்கு என்று மனத்தைப் பனியோடு ஒப்பிட்டு எழுதக் கை துடிக்கிறது. வேண்டாம். பனிக்குக் கற்றுக்கொள்ளத் தெரியாது. மூளைக்குத் தெரியும், தொல்லையே அதுதான். ஒருமுறை உயிர்போகும் அச்சத்தோடு சேர்ந்த சத்தத்தை அது மறப்பதில்லை. அந்தச் சத்தத்தைத் தவிர்க்கத் தவிர்க்க, மூட்டைச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

மலையில் இதன் மறுபக்கம் நடக்கிறது. ஒரு சரிவைக் கடந்துவிட்டால், நம் கணிப்பு சரியாக இருந்ததா, அதிர்ஷ்டமா என்று மலை சொல்வதில்லை. தப்பான முடிவுக்கும் பெரும்பாலும் பரிசுதான் கிடைக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆபத்துள்ள சரிவைச் சுற்றுலாப் பயணி ஒருமுறை கடக்கிறார். அதையே வேலையாகக் கொண்டவர் ஆயிரம் முறை கடந்தால், ஒருமுறையாவது மாட்டும் வாய்ப்பு 63 சதவீதம். ஒவ்வொரு முறையும் அதே மனிதர், அதே கவனம். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனி அருவியில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். வாடிக்கையாளர்களின் சாமான்களோடு அந்த வழியைத் திரும்பத் திரும்பக் கடப்பதுதான் அவர்களுடைய பிழைப்பு.

“முன்கூட்டியே பார்க்க வழியே இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறது. பனியில் குழி வெட்டி, 30 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணைத் தனியாகப் பிரித்து, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் ஒரே தட்டில் தூணின் அடுத்த முனைவரை ஓடிவிட்டால் அன்றைக்கு அந்தச் சரிவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தக் குழி அந்தக் குழியைப் பற்றித்தான் சொல்லும். இருபது அடி தள்ளி வேறு கதை இருக்கலாம். பாறை ஓரம் யார் கண்ணுக்கும் உறுதியாகத்தான் தெரியும், என் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் இருக்கிறது என்றேன். “விதி என்கிறீர்களா?” என்றார். இல்லை. விதி என்றால் குழி வெட்டவே வேண்டாமே. தப்பெல்லாம் உங்களுடையது என்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிகழ்தகவு என்று ஒன்று இருக்கிறது, அதில் நிம்மதியாக உட்கார இடம் இருக்காது.

அந்த நிகழ்தகவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது சலிப்பான வேலை. சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1936 முதல் பனியை அளந்துகொண்டே இருக்கிறார்கள். நம் நாட்டில் 1969இல் மணாலியில் இதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது, இன்று அது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் வேறொரு பெயருள்ள அமைப்புக்குள் இருக்கிறது. செயற்கைக்கோள் என்றால் நிதிக் கோப்பு ஓடுகிறது, வாரம் ஒருமுறை குழி வெட்டி மணியைப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் என்றால் கோப்பு உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஆளின் தூக்கத்துக்கு என்று கேட்டால் கோப்பே கிடையாது. அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பனிமலை மீட்புக் குழுக்களும் இப்போது அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. விபத்து நடந்த அன்றே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே தடவையில் பேசவைத்தால் பின்னால் நோய் வராது என்று முன்பு நம்பினார்கள். சோதித்துப் பார்த்ததில் அதில் பலன் தெரியவில்லை. பலன் தருவது பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு, மூட்டைச் சத்தத்தின் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போவது.

“பாகாயம் போனால் ஊரில் என்ன பேசுவார்கள் சார்?” பாகாயத்தில் இருப்பது சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை. அங்கே நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து வைத்தியம் பார்ப்பது பல காலமாக நடக்கிறது, வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள் என்றேன். போனில் பேசுவது சுலபம் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பட்டாளத்துப் பழக்கமாக இருக்கலாம்.

கிளம்பும் முன் பலகையை இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை சர்க்கரையை அவரே தூவினார். வாசலில் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்துவந்து நடுவில் வைத்தார். மைதாவைச் சலித்தார். பலகையை நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, கல்லை விட்டுத் தள்ளிக் கனமான இடமாகப் பார்த்து ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். பதினோரு குழிகள். ஒன்றும் ஆகவில்லை. கல்லின் ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். அழுத்தவில்லை.

“இந்தப் பலகையை எடுத்துப் போகட்டுமா சார்? வீட்டில் அவளுக்குக் காட்ட வேண்டும்.”