குழந்தையின் ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று: அரசு உதவி எந்த வழியில் வரும்?

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னவுடனேயே எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பணம் தேட ஓட வேண்டியதில்லை. (ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்துச் செலுத்துவது இது; ஸ்டெம் செல் மாற்று என்பதும் இதைத்தான்.) சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகையில் பெரும்பாலானோர் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் கீமோதெரபியிலேயே குணமடைகிறார்கள். நோய் திரும்பி வந்தாலோ, மருந்துக்கு எளிதில் மசியாத வகை என்று பரிசோதனையில் தெரிந்தாலோதான் ஸ்டெம் செல் மாற்றுப் பேச்சு எழும். மைலாய்டு என்ற இன்னொரு வகையில் அது கொஞ்சம் கூடுதலாகவே எழும். செலவு பல லட்சம் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது; இது பலருக்குத் தெரிவதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 2018 முதல் இதனுடன் இணைந்தே நடக்கிறது. ஆகவே இரண்டு அட்டை, இரண்டு 5 லட்சம் என்று கணக்குப் போட வேண்டாம்.

மஜ்ஜை மாற்றுக்கு இந்த 5 லட்சம் போதாது என்பது அரசுக்கும் தெரியும். அதற்காகத்தான் தொகுப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் காப்பீட்டின் வழியாக ஈட்டும் தொகையில் ஒரு பங்கு அங்கே சேர்கிறது. கல்லீரல் மாற்று, மஜ்ஜை மாற்று, காது கேளாதவர்களுக்குக் காக்ளியர் கருவி பொருத்துதல் போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு அதிலிருந்து பணம் தருகிறார்கள். இதற்குப் பெற்றோர் தனியாக மனு எழுதி அலைய வேண்டியதில்லை. மருத்துவமனையே ஆவணங்களை அனுப்பி முன் அனுமதி கேட்கும். ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, மஜ்ஜை மாற்றுக்கும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே இதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகலாம்.

மத்திய அரசில் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள புற்றுநோயாளிகளுக்கு அதன் கீழ் 15 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ மண்டலப் புற்றுநோய் மையத்திலோ நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மையமும், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அத்தகைய மையங்கள். அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே செலவழித்த பணத்தையும் இந்த நிதி திருப்பித் தராது. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று கைக்கு வந்த அன்றே, பணம் கட்டும் முன்பே, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுகிறது. அது முழுச் செலவையும் ஏற்காது. ஒரு பகுதியைத் தரும், அதுவும் நேரடியாக மருத்துவமனைக்கே போகும். மருத்துவமனை தரும் அசல் மதிப்பீடு, வருமானச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றைப் பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கோல் இந்தியா நிறுவனம் மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் தருகிறதாமே என்று பலர் கேட்பதுண்டு. அந்தத் திட்டம் தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடுகளுக்கானது. ரத்தப் புற்றுநோய் அதில் வராது. வீணாக விண்ணப்பித்து நாளைக் கடத்த வேண்டாம்.

கொடையாளரைத் தேடுவதற்கும் செலவு உண்டு. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான் இருக்கிறது. பொருந்தவில்லை என்றால், பாதி பொருந்தும் தாய் அல்லது தந்தையிடமிருந்து எடுக்கலாம். கொடையாளர் பதிவேடுகளில் வெளியாரையும் தேடலாம். திசுப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனை, பதிவேட்டுக் கட்டணம், மாற்றுக்குப் பிந்தைய நோய்த்தொற்று மருந்துகள் ஆகியவை ஒப்புதல் கிடைத்த தொகைக்குள் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. குழந்தை பிறந்தபோது தனியார் வங்கியில் சேமித்த தொப்புள்கொடி ரத்தத்தையும் நம்பியிருக்க வேண்டாம். புற்றுநோய்க்கான வித்து அதிலேயே இருக்கக்கூடும் என்பதால், ரத்தப் புற்றுநோய் வந்த அதே குழந்தைக்கு அதைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை.

மாற்று முடிந்த பிறகும் முதல் நூறு நாள் அடிக்கடி பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் மருத்துவமனையிடம் ரயில் சலுகைப் படிவம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு.